குவில்ட் கில்டுல சேரலாமா, வீட்லயே வீடியோ பாத்துத் தச்சா போதுமா?

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஏற்கனவே கில்டுல சேந்தவ, அதனால ரொம்ப நடுநிலையா எழுதுவேன்னு எதிர்பாக்காதீங்க. முதல் மூணு குவில்ட் (சின்னத் துணித் துண்டுகள சேத்து மேல்துணி தச்சு, நடுவுல பஞ்சு அடுக்கு, கீழ அடித்துணி வச்சு சேத்துத் தைக்கிற போர்வை) வீட்ல தனியா உக்காந்து வீடியோ பாத்துத் தச்சேன், நடுவுல ஏழெட்டு மாசம் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரா சேந்து தச்சோம், கடைசியாதான் கில்ட். மூணுலயும் கால் வச்சாச்சு, ஆனா கில்டுல ஒன்றரை வருஷ அனுபவம்தான், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

கில்ட்னா பெருசா ஒண்ணும் இல்ல, குவில்ட் தைக்கிறவங்களோட சங்கம். மாசம் ஒரு மீட்டிங், வருஷ சந்தா, தலைவர் செயலாளர் பொருளாளர்னு ஒரு கமிட்டி, தச்சத கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னாடி தூக்கிக் காட்டுற ஷோ அண்ட் டெல், அப்பப்ப ஒர்க்‌ஷாப், தானமா குடுக்க சேந்து தைக்கிற குவில்ட், எப்பவாவது ஒரு கண்காட்சி. ஊர் அளவுல இருக்குறதும் உண்டு, நாடு அளவுல இருக்குறதும் உண்டு, பிரிட்டன்ல இருக்குற குவில்டர்ஸ் கில்ட் 1979-லயே ஆரம்பிச்சது. மாடர்ன் குவில்ட் கில்ட் 2009-ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்சது, அதுல வேடிக்கை என்னன்னா இன்டர்நெட்லயே ஒருத்தர் வேலைய ஒருத்தர் பாத்துப் பழகினவங்க, போதும் நேர்ல பாப்போம்னு கிளம்பினதுதான் அதோட ஆரம்பம். எல்லாமே ஆன்லைன்ல கிடைக்குதே அப்புறம் எதுக்கு மீட்டிங்னு கேக்குறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன், ஆன்லைன்ல ஊறினவங்களே அது பத்தலன்னுதான் கூடினாங்க.

தனியா தைக்கிறதோட நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வேகமா தாண்டிடுறேன். நம்ம நேரம், நம்ம கலர், சந்தா கிடையாது, ராத்திரி பதினோரு மணிக்கு மெஷின்ல உக்காந்தாலும் கேக்க ஆளில்ல (வீட்ல தூங்குறவங்கள தவிர). வீடியோல சொல்லித் தராத விஷயம்னும் பெருசா இல்ல. ரோட்டரி கட்டர் (துணி வெட்டுற உருளை பிளேடு) பிடிக்கிறது, பைண்டிங் (ஓரத்த சுத்தித் தைக்கிற பட்டை) மூலை மடக்குறது எல்லாம் நான் வீடியோல கத்துக்கிட்டதுதான், இன்னைக்கும் மூலைய அப்படியேதான் மடக்குறேன்.

சிக்கல் எங்கன்னா வீடியோ நமக்குக் காட்டும், நம்மள பாக்காது. என்னைப் பொறுத்தவரை சேரலாமா வேணாமாங்கிற மொத்த கேள்வியும் இந்த ஒரு இடத்துலதான் நிக்குது.

என்னோட ரெண்டாவது குவில்ட் சாதாரண சதுரத் துண்டுகள்தான், வரிசைக்கு ஒம்பது. ஒம்பது துண்டுன்னா நடுவுல எட்டு தையல், ஒவ்வொரு தையலும் துணி ஓரத்துலேந்து கால் இஞ்ச் உள்ள தள்ளி விழணும். எல்லா வரிசையும் தச்சு முடிச்சு பார்டர் வச்சுப் பாத்தா ஒவ்வொரு வரிசையும் ஒரு இஞ்ச் குறையுது. அளந்து வெட்டினது சரி, துணியும் ஏற்கனவே துவைச்சு சுருங்கின துணி, அப்புறம் எங்க போச்சு அந்த ஒரு இஞ்ச்? அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்தி எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே இல்ல, அவங்க செய்ற மாதிரியேதான் நானும் செய்றேன்னு தோணுது. கடைசில பார்டர வெட்டி ஒப்பேத்திட்டேன். மூணாவதுலயும் அதே கதை.

அப்புறம் ஒரு நாள் சும்மா பாக்கலாமேன்னு கில்ட் மீட்டிங்குக்கு கெஸ்ட்டா போனப்ப அந்த ரெண்டாவது குவில்ட் மேல்துணியோட மிச்சத் துண்டு ஒண்ணு பையில இருந்துச்சு. பக்கத்துல இருந்த ஒரு அக்கா அத வாங்கினாங்க, நல்ல பக்கத்த பாக்கவே இல்ல, நேரா திருப்பிப் போட்டு தையல் ஓரத்துல கட்டைவிரல் நகத்தால ஒரு இழு இழுத்தாங்க. "இது கால் இஞ்ச் இல்லம்மா, கூடப் பிடிக்குது. ஒன்றரை இஞ்ச் பட்டை மூணு வெட்டித் தச்சு நடுப்பட்டைய அளந்து பாரு, சரியா ஒரு இஞ்ச் வரணும்"னாங்க. வீட்டுக்கு வந்து தச்சு அளந்தா முக்காலே அரைக்கால்தான் (7/8 இஞ்ச்) இருக்கு! பிரஷர் ஃபுட் (மெஷின்ல துணிய அழுத்திப் பிடிக்கிற பாதம்) ஓரத்த ஒட்டித் தச்சா அதுதான் கால் இஞ்ச்னு நானா நெனச்சுட்டு இருந்திருக்கேன், என் மெஷின் ஃபுட் அதவிட அகலம். தையலுக்கு ரெண்டு பக்கத் துணிலயும் வீசம் வீசமா (1/16 இஞ்ச்) கூடப் பிடிச்சிருக்கு, ஆக ஒரு தையலுக்கு அரைக்கால் (1/8 இஞ்ச்), எட்டு தையலுக்கு ஒரு இஞ்ச். கணக்கு டாண்ணு வந்துச்சு. அடுத்த மாசம் அவங்ககிட்ட கேட்டதுக்கு, ஊசிலேந்து அளந்து மெஷின் தட்டுல மாஸ்கிங் டேப்ப நாலஞ்சு அடுக்கா ஒட்டி வேலி மாதிரி வச்சுக்கோ, அதுவும் கால் இஞ்சுக்கு ஒரு நூல் உள்ள தள்ளியே வை, ஏன்னா அயர்ன் பண்ணி மடிக்கும்போது அந்த மடிப்பே ஒரு நூல் அளவு துணிய தின்னுடும்னாங்க. அந்த டேப் இன்னும் என் மெஷின்ல இருக்கு, ஓரம் கறுத்துப் போய்.

இதெல்லாம் நெட்ல இல்லையான்னா இருக்கு, நிறையவே இருக்கு, ஆனா என் தப்புக்கு என்ன பேருன்னே எனக்குத் தெரியாதப்ப எத தட்டித் தேடுறது? துணிய கையில வாங்கிப் பாத்தவங்களுக்கு அரை நிமிஷம்கூட ஆகல.

இன்னொண்ணு ஊக்கு குத்துற வேலை. மேல்துணி, பேட்டிங் (நடுவுல வைக்கிற பஞ்சு அடுக்கு), அடித்துணி மூணையும் அடுக்கி நகராம இருக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தணும். தனியா செய்றவங்க தரையில விரிச்சு முட்டி போட்டுத் தவழ்றதுதான் வழி, நான் அப்படித் தவழ்ந்து குத்தின குவில்ட்ல பின்பக்கம் ஒரு சுருக்கம் உள்ளயே மாட்டி, மேல தச்சு முடிச்சப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. கில்ட் தையல் நாள்ல டேபிள் ரெண்ட ஒட்டிப் போட்டு மூலைக்கு ஒருத்தர் நின்னு இழுத்துப் பிடிச்சு அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்க, முட்டியும் தப்பிச்சுது. அமெரிக்காவுல அலபாமா பக்கம் கீஸ் பெண்ட்ல குவில்ட் தைக்கிற கறுப்பினப் பெண்கள் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, அவங்களும் மேல்துணிய அவங்கவங்க வீட்ல தன் இஷ்டத்துக்குத் தச்சுட்டு, அடுக்கித் தைக்கிற கட்டத்துலதான் கூடுவாங்க. எனக்கு இந்தப் பிரிவினை ரொம்ப சரின்னு படுது, கலரும் டிசைனும் நம்ம பாடு, மூணு அடுக்கு சேக்குறப்ப மட்டும் நாலு கை.

ஃப்ரெண்ட்ஸ் குரூப் பத்தி ரெண்டு வரி. ஜாலின்னா அதுதான் ஜாலி, ஆனா மூணு பேருமே கத்துக்குட்டி, ஒருத்தி தப்ப இன்னொருத்தி அப்படியே கத்துக்கிட்டோம், ஒருத்தி வரலன்னா அந்த மாசமே கேன்சல். உங்க செட்ல ஒருத்தராவது பழம் தின்னு கொட்டை போட்டவரா இருந்தா கில்டே தேவையில்லாம கூடப் போகலாம். காசு கட்டிப் போற கிளாஸ் நான் ஒண்ணே ஒண்ணுதான் போனேன், நல்லா சொல்லிக் குடுத்தாங்க, ஆறு வாரத்துல முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் சந்தேகம் வந்தா கேக்க ஆள் இல்ல.

கில்டுல கடுப்பு ஏத்துற விஷயமும் இருக்கு. மீட்டிங்ல முதல் முக்கால் மணி நேரம் கணக்கு வாசிக்கிறதும் போன மாச மினிட்ஸும்தான், கொட்டாவி வரும். குவில்ட் போலீஸ்னு கிண்டலா சொல்லுவாங்களே, தையல் முனை ஒரு நூல் தள்ளி இருந்தாக்கூட மூஞ்ச சுளிக்கிற ஆளு, எங்க கில்டுலயும் ஒருத்தர் உண்டு. பிளாக் எக்ஸ்சேஞ்சுல ஆளுக்கொரு பிளாக் (குவில்ட் மேல்துணில வர்ற ஒரு சதுரக் கட்டம்) தச்சு மாத்திக்கிட்டோம், தச்சு சேத்தப்புறம் பன்னெண்டு நிக்கணும்னா பன்னெண்டரை இஞ்ச்ல குடுக்கணும், எனக்கு வந்ததுல மூணு பன்னெண்டே காலுக்கு மேல தாண்டல, யாருதுன்னு தெரியும், சொல்ல முடியாது, நானே போன வருஷம் அப்படித்தானே குடுத்திருப்பேன். தையல் நாளுக்கு மெஷின தூக்கிட்டுப் போறது தனிக் கொடுமை.

கையாலயே குவில்ட் பண்றவங்களுக்கு இது எவ்வளவு ஒத்து வரும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், நான் மெஷின் கேஸ். மீட்டிங் நேரம் உங்க வேலை நேரத்தோட முட்டினாலும் சந்தா தண்டம்தான், ஏன்னா மொத்த லாபமும் நேர்ல போறதுலதான் இருக்கு. ஆன்லைன் மீட்டிங் ரெண்டு போனேன், ஸ்கிரீன் வழியா யாரும் நகத்தால இழுத்துப் பாக்க முடியல.

நிறைய கில்டுல கெஸ்ட்டா ஒண்ணு ரெண்டு தடவ விடுவாங்க, சந்தா கட்டுறதுக்கு முன்னாடி அத கண்டிப்பா பயன்படுத்துங்க. போறப்ப முடிச்ச அழகான குவில்ட எடுத்துட்டுப் போகாதீங்க, சொதப்பினத எடுத்துட்டுப் போங்க, அத யாராவது திருப்பிப் போட்டுப் பாக்குறாங்களா இல்ல சூப்பர்னு சொல்லிட்டு நகர்ந்துடுறாங்களான்னு கவனிங்க. கமிட்டிக்கு ஆள் வேணும்னு கேக்குறப்ப மட்டும் கைய மடியிலேயே வச்சுக்கங்க, நான் தலை அரிச்சுதுன்னு தூக்கினேன், இப்ப லைப்ரரி அலமாரி சாவி என்கிட்டதான் இருக்கு.