போரில் இறந்தவரைத் தேட ஒரு கட்டணமில்லாப் பதிவேடு

போருக்குப் போனவர் திரும்பவில்லை என்பதற்கு மேல் எதுவும் தெரியாத குடும்பத்தினர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு என்றே சொல்வேன். 1917-இல் தொடங்கப்பட்ட இந்த ஆணையம் இரு உலகப் போர்களிலும் உயிரிழந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவைப் பேணி வருகிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் அவர்களுள் அடங்குவர். தேடுவதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

பெயரை இட்டுத் தேடுபவர் விரைவில் சலித்துப் போவார். முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒரு படை எழுத்தர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டுமே கொண்டவர்களுக்கோ, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எதை இடுவது என்பதே குழப்பம். வீட்டுப் பெட்டியில் பழைய ஓய்வூதியத் தாளோ படையிலிருந்து வந்த கடிதமோ இருந்தால், அதிலுள்ள படை எண்ணை இட்டுத் தேடுவதே நேர்வழி. எண் இல்லாதவர்கள் படைப்பிரிவையும் இறந்த ஆண்டையும் கொண்டு பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, பொறுமையாக வரிவரியாகப் படிக்க வேண்டியதுதான்.

இப்பதிவேட்டின் உண்மையான மதிப்பு 'கூடுதல் தகவல்' என்னும் சிறு வரியில் இருக்கிறது. இந்தியப் படையினர் பலருக்கு அந்த வரியில் தந்தையின் பெயர், மனைவியின் பெயர், ஊர், மாவட்டம் ஆகியவை தரப்பட்டுள்ளன. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கையில் நம்மவர் யார் என்பதை அதுவே தீர்மானிக்கும். பல பதிவுகளுடன் மூல ஆவணங்களின் படிகளும் இணைக்கப்பட்டுள்ளன. முதலில் புதைத்த இடத்திலிருந்து உடல் வேறு கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், அந்த விவரமும் அவற்றில் கிடைக்கக்கூடும். கல்லறை காட்டப்படவில்லை என்று மனம் தளர வேண்டாம்: பர்மாப் போர்முனையில் இறந்து, கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு (இன்றைய யாங்கோன்) அருகே தாவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

எல்லைகளையும் அறிந்துகொண்டு தேட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களே கணக்கில் வருவர். உயிரோடு திரும்பியவர் பெயர் இங்கு இருக்காது. முதல் உலகப் போரைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயர் குறித்து நினைவுகூரப்படவில்லை, ஒருவேளை நினைவுகூரப்படவே இல்லை என்று ஆணையம் அமைத்த குழுவே 2021-இல் அறிக்கை அளித்திருக்கிறது.

மலாயாத் தோட்டங்களிலிருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழ்த் தொழிலாளர்களைத் தேடுவோருக்கு இப்பதிவேடு உதவாது. அதே பாதையில் இறந்த காமன்வெல்த் போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் தனித்தனிக் கல்லறைகள் உண்டு. தொழிலாளர்கள் சீருடை அணிந்தவர்கள் அல்லர். ஆகவே அவர்களைத் தேடுவோர் தோட்ட நிர்வாகத் தாள்களையும் உறவினர் சொல்லும் வாய்மொழியையுமே நாட வேண்டியிருக்கிறது.