நீல விளக்கு மட்டும் எரியும் "ஆக்டிவ்" ப்ரீஆம்ப்: ஒரு மாதச் சம்பளம் போச்சு, உஷார்!

ஒரு மாதச் சம்பளம். முழுசாக. அதை வாங்கிக்கொண்டு எனக்கு அனுப்பியது, ஒரு வால்யூம் கண்ட்ரோலும் ஒரு எல்.இ.டி.யும் உள்ள தகரப் பெட்டி. ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளேயருக்கும் பவர் ஆம்புக்கும் (ஸ்பீக்கரை ஓட்டும் பெருக்கி) நடுவே வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் ஒன்று தேவைப்பட்டது. ஆடியோ சாமான் மட்டும் விற்கும் ஓர் இணையக் கடை. ஆக்டிவா (கரண்ட்டில் ஓடி சிக்னலுக்குத் தெம்பு கொடுப்பது), பாஸிவா (கரண்ட் இல்லாமல் சிக்னலைக் குறைக்க மட்டும் செய்வது) என்று அவர்களிடமே போனில் கேட்டேன். அந்த ஆள் அவசரமே படவில்லை. பவர் ஆம்ப் எங்கே இருக்கு, கேபிள் எவ்வளவு நீளம், டர்ன்டேபிள் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "7 மீட்டரா? அப்ப பாஸிவ் வேண்டவே வேண்டாம் சார், ட்ரெபிள், அதாவது கீச்சு ஓசை, செத்துடும். நீளக் கேபிளையும் தள்ளுற பஃபர் சர்க்யூட் உள்ள ஆக்டிவ்தான் உங்களுக்கு" என்றார். அத்தனையும் சரியான பேச்சு! இவ்வளவு தெரிந்தவர், இவ்வளவு பொறுமையாகக் கேட்பவர் என்றுதான் அன்றைக்கே பணம் அனுப்பினேன்.

பெட்டி வந்தது. அடாப்டரைச் செருகியதும் நீல விளக்கு எரிந்தது. ஆனால் பாட்டில் டிரம்ஸ் சிம்பல் (தட்டு) ஓசையே மங்கிப்போயிருந்தது. ரெக்கார்டு போட்டால் வால்யூமை முழுக்கத் திருகியும் சத்தம் எழவில்லை.

போன் செய்தேன். "புதுசு சார், 100 மணி நேரம் ஓடட்டும், திறந்துக்கும்." ஓடவிட்டேன். அடுத்து, "உங்க கேபிள் மட்டம்." அதற்கடுத்து, "சார் மீட்டிங்ல இருக்கார்."

ஒருநாள் பாட்டு ஓடும்போதே அடாப்டர் கழன்று விழுந்தது. விளக்கு அணைந்தது, பாட்டு நிற்கவில்லை! மூடியைத் திறந்தேன். 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (வால்யூம் திருகும் "பாட்"), ஒரு செலக்டர் (எந்த பிளேயர் என்று மாற்றும் சுவிட்ச்), வயர்கள். அடாப்டர் வயர் எல்.இ.டி.க்கு மட்டும் போகிறது. சுத்தமான பாஸிவ்.

பாஸிவ் கெட்டது என்று சொல்ல வரவில்லை. சி.டி. பிளேயர் 2 வோல்ட் தருகிறது. 10 கிலோஓம் பாட், ஒரு மீட்டர் கேபிள், 47 கிலோஓம் இன்புட் உள்ள பவர் ஆம்ப் என்றால் அருமையாகவே பாடும். என் செட்டுக்கு அது ஆகாது. 100 கிலோஓம் பாட் நடுவில் நிற்கும்போது அவுட்புட் இம்பிடன்ஸ் (சிக்னல் வெளியேறும் பக்கத்துத் தடை) 25 கிலோஓம் வரை ஏறும். மீட்டருக்கு 150 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (கீச்சு ஓசையை விழுங்கும் குணம்) உள்ள கேபிள் 7 மீட்டர் போனால், 47 கிலோஓம் ஆம்பிலும் 10,000 ஹெர்ட்ஸுக்கு முன்பே கீச்சு ஓசையில் 3 டெசிபல் சத்தம் குறைந்துவிடும். இதைத்தானே அந்த ஆளே போனில் சொன்னார்! தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

போட்டோ அனுப்பினேன். "மூடியைத் திறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது." பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளம்!

வாங்குகிறவர்கள் உள்பக்கப் போட்டோ கேளுங்கள். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) எத்தனை டெசிபல், அவுட்புட் இம்பிடன்ஸ் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், போன் பேச்சு செல்லாது. பெட்டி வந்ததும் அடாப்டரைச் செருகாமலே பாட்டு போட்டுப் பாருங்கள், வீடியோ எடுத்துக்கொண்டே. தெளிவாகப் பாடினால் அது பாஸிவ். மூடியைத் தொடாமல் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.