"அப்படியே பொருந்தும்" என்று விற்ற டிரெய்லர் கண்ணாடிகள்: வயரை வெட்ட விடும் முன் படித்துவிடுங்கள்

பழைய பிக்கப் வண்டியில் டிரெய்லர் இழுப்பவர்களும், அதற்காக நீட்டி மடக்கக்கூடிய மின்சாரப் பக்கக் கண்ணாடிகளை வாங்கி மாட்ட நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விளம்பரத்தில் இருந்த இரண்டு சொற்களையும், மாட்டிக் கொடுத்தவரின் ஒரு வாக்குறுதியையும் நம்பியதால், பணம் போனதோடு, இருபது வருடமாக ஒரு குறையும் இல்லாமல் இருந்த என் வண்டியின் கதவு வயரிங்கும் கெட்டது. பணத்தைக் காட்டிலும் அந்த வயரிங்தான் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

கண்ணாடியை மாற்ற வேண்டிய தேவை உண்மையானது. என் வண்டியின் உடல் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். நான் இழுக்கும் டிரெய்லரின் அகலம் 2.5 மீட்டர். ஆகவே இரு பக்கமும் கால் மீட்டர் அளவுக்கு டிரெய்லர் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, கம்பெனியிலிருந்து வந்த சிறிய கண்ணாடியில் டிரெய்லரின் முன்சுவரைத் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை. பின்னால் வருபவர் முந்த முயல்கிறாரா, டிரெய்லரின் பின்சக்கரம் கோட்டைத் தொடுகிறதா என்பதை அறிய, கண்ணாடி டிரெய்லரின் பக்கச்சுவரைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். அதற்கு நீளும் கண்ணாடி வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வெளித் தயாரிப்பான ஒரு ஜோடியைப் பார்த்தேன். "பவர், ஹீட்டர், இண்டிகேட்டர் உடன்" என்றும், என் வண்டியின் மாடல் ஆண்டுகள் அனைத்துக்கும் "அப்படியே பொருந்தும்" என்றும் எழுதியிருந்தார்கள். படத்தில் கண்ணாடி முழுவதும் நீண்டிருந்தது, அதன் மீது அம்புக்குறி இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தது. "பவர்" என்பதை, உள்ளே உட்கார்ந்தபடி சுவிட்சை அழுத்தினால் கை நீளும், மடங்கும் என்றே நான் புரிந்துகொண்டேன். பெட்டி வந்த பிறகுதான், மின்சாரத்தால் அசைவது உள்ளே இருக்கும் கண்ணாடித் தகடு மட்டுமே, நீட்டுவதும் மடக்குவதும் கையால் செய்ய வேண்டியவை என்று தெரிந்தது. என் பழைய சிறிய கண்ணாடியிலும் தகடு மின்சாரத்தால்தான் அசைந்தது. அதாவது, அந்தச் சொல்லுக்காக நான் கொடுத்த கூடுதல் பணத்துக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. விற்பனையாளரிடம் கேட்டபோது, "தகடு மோட்டாரில் நகர்கிறதே, அதுதான் பவர்" என்று பதில் வந்தது. தகடு அசைவது, கை நீள்வது, முழுக் கண்ணாடியும் மடங்குவது ஆகிய மூன்றும் தனித்தனி மோட்டார்களின் வேலை. எதற்கு மோட்டார் இருக்கிறது என்று தனித்தனியாக எழுத்தில் கேட்டு வாங்காதவரை அந்தச் சொல் எதையும் குறிக்கலாம்.

அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அளவு சரியாக இருந்ததால், கையால் நீட்டிக்கொள்ளலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, வண்டி உதிரிபாகங்கள் மாட்டிக் கொடுக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். பெட்டியைத் திறந்து பார்த்த பட்டறைக்காரர், "இது அப்படியே மாட்டிக்கொள்ளும் சார், ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம், சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மாலையில் சென்றபோது கண்ணாடிகள் மாட்டப்பட்டிருந்தன. ஆனால் புதிய கண்ணாடியின் கனெக்டர் என் கதவில் இருந்த கனெக்டருடன் சேரவில்லை என்பதால், இரு கதவுகளிலும் கம்பெனி கனெக்டரை வேரோடு வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பழைய கண்ணாடிகள் எங்கே என்று கேட்டேன். கழிவோடு போய்விட்டன என்றார்கள். அவை இருந்திருந்தால், அன்றே பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

வண்டியை எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் முதல் குறை தெரிந்தது. பயணிப் பக்கக் கண்ணாடிக்கு மேல்நோக்கிய பொத்தானை அழுத்தினால் தகடு பக்கவாட்டில் நகர்ந்தது. ஓட்டுநர் பக்கத்தில் சில பொத்தான்களை அழுத்தினால் மெதுவாகக் கோணலாக நகர்ந்தது. காரணம் எளிமையானது. பெரும்பாலான பழைய வண்டிகளில் தகட்டை அசைக்க இரண்டு சிறிய மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று மேலும் கீழும், மற்றொன்று இடமும் வலமும் நகர்த்துகிறது. மூன்று வயர்களில் ஒன்று இரண்டு மோட்டார்களுக்கும் பொது. சுவிட்ச் மின்னோட்டத்தின் திசையைத் திருப்புவதால் மோட்டாரும் எதிர்த்திசையில் சுழல்கிறது. மோட்டார்களின் தனி வயர்கள் இரண்டும் இடம் மாறினால் மேலே என்பது பக்கவாட்டாகும். பொது வயரே இடம் மாறினால் சில பொத்தான்களுக்கு இரண்டு மோட்டார்களும் ஒன்றாக இழுபட்டுத் தகடு கோணலாகப் போகும். எந்த வயர் எது என்று மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை இது. வயரின் நிறத்தைப் பார்த்து நிறத்தோடு நிறத்தை முறுக்கியிருக்கிறார்கள். வெளித் தயாரிப்புக் கண்ணாடியின் வயர் நிறங்கள் வண்டிக் கம்பெனியின் நிறங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

இதைவிட மோசமானது, பனி படியாமல் கண்ணாடியைச் சூடாக்கும் ஹீட்டர். என் வண்டியில் முதலிலிருந்தே கண்ணாடி ஹீட்டர் கிடையாது. எனவே அதற்கான வயர் கதவுக்குள் வரவே இல்லை. "அப்படியே பொருந்தும்" என்ற சொல் இங்கேதான் முழுப் பொய்யாகிறது, ஏனென்றால் கண்ணாடியில் ஹீட்டர் இருந்தாலும், வண்டியில் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வழி இருந்தால்தான் அது வேலை செய்யும். இதைப் பற்றிப் பட்டறையில் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான்கு நாட்கள் கழித்து ஒரு காலையில், முன்கண்ணாடி, கூரை, கதவு எல்லாவற்றிலும் பனித்துளி படிந்திருக்க, இரண்டு பக்கக் கண்ணாடிகள் மட்டும் உலர்ந்து பளிச்சென்று இருந்தன. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தன. சாவியைத் திருப்பினேன், இன்ஜின் சுற்றவில்லை.

நம்பிக்கையான வேறொரு எலக்ட்ரீஷியன் கதவைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. கதவுப் பூட்டுச் சுவிட்சுக்கு எப்போதும் மின்சாரம் வரும் வயரில், கடித்துப் பிடிக்கும் கிளிப் ஒன்றைப் போட்டு ஹீட்டரை இணைத்திருந்தார்கள். வண்டி அணைந்திருந்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அவர் அளந்தபோது இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்து 3 ஆம்பியர் எடுத்தன. ஓர் இரவில் 10 மணி நேரம் நின்றால் 30 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது சரிபாதி. அதற்கெனத் தனி ஃபியூஸும் வைக்கவில்லை. அந்தக் கிளிப் செம்பு இழைகள் சிலவற்றை அறுத்திருந்தது. கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு என்பதால், அந்த இடம் துருவேறிச் சூடாவதற்கு அதிக நாள் பிடித்திருக்காது என்று அவர் காட்டினார். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே பயம் வந்தது, ஏனென்றால் அதே கதவின் மறுபக்கத்தில்தான் என் பிள்ளைகள் தலை சாய்த்துத் தூங்குவார்கள். பின்கண்ணாடி ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் அந்த இணைப்போடு, ஃபியூஸின் தாங்குதிறனைப் பார்த்துச் சேர்க்கலாம். இல்லையென்றால், சாவி போட்டால் மட்டும் இயங்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றையும் தனி ஃபியூஸையும் வைத்துப் புது வயர் இழுக்க வேண்டும். குறுக்கு வழி இதில் கிடையாது.

அதே கதவுக்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. படத்தில் எரிந்த இண்டிகேட்டரின் வயர்கள் எதனோடும் இணைக்கப்படாமல் டேப் சுற்றிச் செருகப்பட்டிருந்தன. புது வயரைக் கீல் பக்கத்து ரப்பர் குழாய் வழியே இழுப்பது சிரமம் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள், அதற்கான கூலியை மட்டும் வாங்கியிருக்கிறார்கள். மீதி வயர்க் கற்றையைக் கிளிப் போட்டுக் கட்டாததால், கதவுக் கண்ணாடி இறங்கி ஏறும்போது அதில் உரசி இன்சுலேஷன் தேய ஆரம்பித்திருந்தது.

வயரிங்கைச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது கண்ணாடியின் தரம். நீளும் கையில், உறுதியான தயாரிப்புகளில் இருப்பதுபோல இரட்டைக் குழாய் இல்லை, ஒற்றைக் குழாய்தான். கதவில் உட்காரும் அடித்தளமும் உலோகமில்லை, பிளாஸ்டிக். முழுவதும் நீட்டி டிரெய்லரோடு 80 கிலோமீட்டர் வேகம் தொட்டதும், கண்ணாடியில் தெரிந்த எல்லாமே நடுங்கியது. பின்னால் வந்த வாகனத்தின் இரண்டு விளக்குகள் நான்கு கோடுகளாகத் தெரிந்தன. அது காரா லாரியா என்று பிரித்தறிய முடியவில்லை, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது அதைவிடத் தெரியவில்லை. டிரெய்லர் இழுக்கும்போது பார்ப்பதற்காகவே வாங்கிய கண்ணாடி, டிரெய்லர் இழுக்கும்போது மட்டும் பார்க்க முடியாததாக இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். ஓட்டுநர் பக்கத்து மேல் தகடு தட்டையாக இல்லை, குவிந்திருந்தது. குவிந்த கண்ணாடி அதிகப் பரப்பைக் காட்டும், ஆனால் உருவத்தைச் சிறிதாக்குவதால் அருகில் உள்ள வாகனம் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அமெரிக்காவின் 111ஆம் எண் வாகனப் பாதுகாப்பு நெறி, கார் போன்ற இலகு வாகனங்களில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி உருவத்தைச் சிறிதாக்காத தட்டைக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது. பயணிப் பக்கத்தில் குவிகண்ணாடி வைத்தால் அதன் வளைவு ஆரம் 889 முதல் 1651 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன என்ற எச்சரிக்கை வாசகமும் அதில் பொறிக்கப்பட வேண்டும். ஐரோப்பிய நெறிகளில் ஓட்டுநர் பக்கமும் குவிகண்ணாடி அனுமதிக்கப்படுகிறது என்பதால் வடிவத்தை மட்டும் வைத்துக் குறை சொல்லவில்லை. எனக்கு வந்ததில் எந்த வாசகமும் இல்லை, எந்த ஒப்புதல் முத்திரையும் இல்லை, விளம்பரத்திலோ "தட்டைக் கண்ணாடி" என்று எழுதியிருந்தது.

திருப்பித் தரக் கேட்டபோது, வயர் வெட்டப்பட்ட பொருளை ஏற்க மாட்டோம், தவறாக மாட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார் விற்பனையாளர். பட்டறைக்காரரோ, "நீங்கள் கொண்டுவந்த பொருள் சார், மாட்டிய கூலிதான் என்னுடையது" என்றார். கண்ணாடி நடுங்குவதற்கும் வயரிங்கிற்கும் தொடர்பில்லை என்று விற்பனையாளருக்கு எழுதினேன்; பதில் வரவில்லை. இருவரில் ஒருவராவது பொறுப்பேற்றிருந்தால் இந்தப் பதிவின் தொனி வேறாக இருந்திருக்கும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் கதவுக் கனெக்டரில் எத்தனை முனைகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனையில் வயர் வருகிறது என்று கழற்றிப் பாருங்கள். மூன்று வயர்கள் மட்டும் என்றால் ஹீட்டரும் இண்டிகேட்டரும் தாமாக வேலை செய்யாது. பெட்டி வந்ததும், பழையதைக் கதவிலிருந்து எடுக்காமல், கனெக்டரை மட்டும் மாற்றிச் செருகி, புதியதைக் கையில் பிடித்தபடியே எல்லாத் திசைகளையும் சோதியுங்கள். கனெக்டர் சேராவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கம்பெனி கனெக்டரை வெட்டாமல் இடையில் செருகும் மாற்று வயர்க்கற்றைகள் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன. முழுவதும் நீட்டி, நுனியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அடித்தளத்தில் ஆட்டம் தெரிந்தால் சாலையில் அது பல மடங்காகும். பட்டறையில் விடும்போது, வயரை வெட்டக் கூடாது, பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டையும் வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது வயரிங் முழுவதும் சால்டர் செய்யப்பட்டு, ரிலேவும் ஃபியூஸும் வைக்கப்பட்டுவிட்டன. திசைகள் சரியாக இருக்கின்றன. கண்ணாடிகள் மட்டும் அதே நடுக்கத்தோடு இருக்கின்றன. உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து கம்பெனியின் நீளும் கண்ணாடி ஜோடி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை டிரெய்லர் வீட்டில்தான் நிற்கிறது. அந்த விளம்பரம் நேற்றுவரை அதே படத்தோடும், அதே சொற்களோடும் அப்படியே இருந்தது.