டெக்சாஸ் வீட்டு வரி முறையீடு: முகவர் வழியாக ஓராண்டு, நேரடியாக ஓராண்டு

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பதைக் கேட்டு மகிழ்ந்து குடியேறும் நம்மவர்கள் பலர், அந்தச் சுமையின் பெரும்பகுதி வீட்டு வரியாக வந்து சேர்கிறது என்பதை முதல் ரசீதைப் பார்த்த பிறகே உணர்கிறார்கள். டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு, சென்ற ஆண்டு ஒரு முகவர் நிறுவனத்தின் மூலமாகவும் இந்த ஆண்டு நானே நேரில் சென்றும், வரி விதிப்பதற்காக வீட்டுக்குப் போடப்படும் மதிப்பீட்டை எதிர்த்து முறையிட்டேன். இரண்டு சேவைகளையும் பயன்படுத்திய அனுபவத்தில், சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் நேரடி முறையீட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் முகவர் சேவை. ஆண்டுக்கு ஒரு நிலையான கட்டணம். ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் எஞ்சியதை அவர்களே கவனித்துக்கொள்வார்கள். சந்தை மதிப்பை 5,20,000 டாலரிலிருந்து 4,95,000 டாலராகக் குறைத்துவிட்டதாக ஜூலையில் வாழ்த்துக் கடிதமும் வந்தது. ஆனால் எங்கள் வரியில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் சலுகை பெற்ற வீட்டின் வரிக்குரிய மதிப்பு, புதிதாகக் கட்டிச் சேர்த்தவை தவிர்த்து, ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்பது டெக்சாஸ் சட்டம். அந்த வரம்பின்படி எங்கள் வீட்டின் வரிக்குரிய மதிப்பு ஏற்கெனவே 4,62,000 டாலராகத்தான் இருந்தது. அதற்கும் கீழே இறங்காத எந்தக் குறைப்பும் அந்த ஆண்டின் வரியைத் தொடாது என்பதை அந்த நிறுவனம் எந்த இடத்திலும் எங்களுக்குச் சொல்லவில்லை. கட்டணத்தை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டது. மதிப்பீட்டு அறிவிப்பில் சந்தை மதிப்பும் வரிக்குரிய மதிப்பும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். முறையிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான்.

இந்த ஆண்டு அறிவிப்பில் சந்தை மதிப்பு 5,31,000 டாலர், வரம்புக்கு உட்பட்ட வரிக்குரிய மதிப்பு 5,08,200 டாலர். மே 15, அல்லது அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை முறையீட்டைப் பதிவு செய்யலாம். இணையதளத்தில் பத்து நிமிடத்தில் முடிந்த அந்தப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. காரணம் கேட்கும் இடத்தில், மதிப்பு சந்தை விலையைவிட அதிகம் என்பதையும், ஒத்த வீடுகளோடு ஒப்பிடும்போது மதிப்பீடு சமமாக இல்லை என்பதையும் சேர்த்தே குறித்தேன். இரண்டாவது காரணம்தான் நமக்குப் பெரிய துணை. டெக்சாஸில் வீடு விற்ற விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் சந்தை விலையை நிறுவும் சான்றுகள் சாதாரண மனிதருக்கு எளிதில் கிடைப்பதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (வரிக்காக வீடுகளை மதிப்பிடும் உள்ளூர் அமைப்பு) போட்டிருக்கும் மதிப்போ அதன் இணையதளத்திலேயே எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. ஒத்த வீடுகளின் மதிப்புகளை உரிய முறையில் சரிசெய்து எடுத்த இடைநிலை எண்ணைவிட நம் வீட்டின் மதிப்பு அதிகமாக இருந்தால் குறைப்புக் கோரச் சட்டமே இடமளிக்கிறது.

ஒரே கட்டுமான நிறுவனம் கட்டிய, எங்கள் வீட்டை ஒத்த பரப்பும் வயதும் கொண்ட எட்டு வீடுகளை இரண்டு மாலைகளில் தேர்ந்தெடுத்துப் பட்டியலிட்டேன். அஸ்திவார விரிசலைச் சரிசெய்ய ஒப்பந்ததாரர் எழுதித் தந்த 11,500 டாலர் மதிப்பீட்டையும், விரிசலின் புகைப்படங்களையும் அச்சிட்டுச் சேர்த்தேன். மதிப்பீடு ஜனவரி 1 அன்றைய நிலையைக் கொண்டே செய்யப்படுவதால், விரிசல் அதற்கு முன்பே இருந்தது என்பதைக் காட்டும் தேதியிட்ட படங்கள் மிகவும் உதவின. விசாரணையில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் காட்டப்போகும் சான்றுகளை 14 நாள் முன்னதாகவே தரும்படி எழுதிக் கேட்டுப் பெற்றதுதான் நான் செய்தவற்றுள் மிகப் பயனுள்ள காரியம். அவர்கள் ஒப்பிட்டிருந்த ஐந்து வீடுகளில் இரண்டில் நீச்சல் குளம் இருந்தது. அதற்கான கழிவு எங்கும் காட்டப்படவில்லை.

முதற்கட்டமாக இணையதளத்தில் 5,15,000 டாலர் என்ற சமரச மதிப்பு வந்தது. பார்ப்பதற்கு நல்ல குறைப்பு. ஆனால் அது 5,08,200-க்கு மேலே இருப்பதால் ஏற்றிருந்தால் முறையீடு அத்துடன் முடிந்து, வரி அப்படியே நின்றிருக்கும். மறுத்துவிட்டு மறுஆய்வுக் குழுவின் விசாரணைக்குச் சென்றேன். குழுவில் இருந்த மூவரும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் ஊழியர்கள் அல்லர், அதே கவுன்டியில் வசிப்பவர்கள். உறுதிமொழி எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசினோம். மதிப்பு சரி என்று நிறுவும் பொறுப்பு அப்ரைசல் டிஸ்ட்ரிக்டையே சார்ந்தது என்பதைக் குழுத் தலைவர் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னது என் பதற்றத்தைப் பெரிதும் தணித்தது. என் ஆங்கிலத்துக்காகவோ வரிச் சட்டம் முழுதும் தெரியாததற்காகவோ யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நீச்சல் குளம் பற்றிய கேள்வியை அவர்களே இருமுறை திருப்பிக் கேட்டார்கள். இறுதியில் 4,84,000 டாலர் என்று தீர்மானித்தார்கள். வரியில் ஏறத்தாழ 450 டாலர் மிச்சம். தீர்ப்பு திருப்தி தராவிட்டால் 60 நாளுக்குள் நடுவர் தீர்வுக்கோ நீதிமன்றத்துக்கோ செல்லலாம்; ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு நடுவர் தீர்வுக்கான முன்பணம் மதிப்பைப் பொறுத்து 450 அல்லது 500 டாலர். எங்களுக்கு அந்தத் தேவை எழவில்லை.

குறை என்று சொன்னால், காத்திருப்பு நீண்டது. குறித்த நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்தே அழைத்தார்கள். வேலையிலிருந்து விடுப்பு எடுக்க முடியாதவர்கள் தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ விசாரணையைக் கேட்டுப் பெறலாம். வாடகைக்கு விட்ட வீடுகள் பல வைத்திருப்பவர்களுக்கும், உடல்நிலை இடங்கொடாத மூத்தவர்களுக்கும் முகவர் தேவைப்படலாம். அவர்களும் உண்மையில் மிச்சமாகும் வரியில் மட்டுமே பங்கு கேட்கும் ஒப்பந்தமா என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

என்னைப் போல முகவரை விட்டு விலகுபவர்கள், அவருக்கு அளித்த அதிகாரத்தை அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் எழுத்துமூலம் ரத்து செய்துவிட வேண்டும். முடிவுத் தேதி குறிப்பிடாத நியமனப் படிவம் ரத்து செய்யும்வரை செல்லும். எங்கள் படிவத்தில் அந்தத் தேதி நிரப்பப்படாமலே இருந்ததை நான் மார்ச்சில்தான் கவனித்தேன்.