நீர்ப்பையை வெளியே எடுக்காமலே பழுது பார்த்ததாகச் சொன்ன பட்டறை: கிளைடர் வைத்திருப்போர் கவனத்திற்கு

என் கிளைடரின் (இயந்திரமில்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானம்) இடது இறக்கையில், எடை கூட்டி வேகமாகப் பறப்பதற்காக நீர் நிரப்பும் பையில் ஏற்பட்ட கசிவைச் சரிசெய்வதற்காக ஒரு பட்டறையிடம் ஒப்படைத்து, முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி, ஆறு வாரம் காத்திருந்து, ‘பை கழற்றப்பட்டு, ஒட்டப்பட்டு, சோதிக்கப்பட்டது’ என்று எழுதித் தந்த தாளையும் பெற்றுக்கொண்ட பிறகு, அந்தப் பை இறக்கையை விட்டு வெளியே வரவே இல்லை என்பதை நானே கண்டறிந்தேன். பட்டறையின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், இதே வேலையைக் கொடுக்கவிருப்பவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

என்னுடையது 15 மீட்டர் இறக்கை அகலமுள்ள பழைய ஒற்றை இருக்கை கிளைடர். புதிய வடிவமைப்புகள் பலவற்றில் இறக்கையின் உட்புறமே தொட்டியாக இருக்கும். இதிலோ ஒவ்வொரு இறக்கையிலும், ஸ்பாருக்கு (இறக்கையைத் தாங்கும் முதன்மை விட்டம்) முன்னால், பிவிசி பூசிய துணியாலான 70 லிட்டர் பை ஒன்று நீளவாக்கில் கிடக்கிறது. விமானி உட்பட 350 கிலோ எடையுள்ள கிளைடர், இரு பைகளும் நிரம்பினால் 490 கிலோ ஆகும். சறுக்கு விகிதம் (இழக்கும் உயரத்துக்கு எத்தனை மடங்கு தூரம் முன்னேறுகிறது என்பது) ஏறக்குறைய மாறாமலே, அது கிடைக்கும் வேகம் எடை விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப 18 விழுக்காடு கூடுகிறது. கிளைடரை உயர்த்தும் வெப்பக் காற்றுத் தூண்கள் வலுவாக எழும் நாளில் இது பெரிய ஆதாயம்.

பழுது தொடங்கியபோது இடது பையிலிருந்து ஓர் இரவில் சுமார் 10 லிட்டர் இறக்கைக்குள் வடிந்து, அடிப்பகுதி வடிகால் துளை வழியாகத் தரையை நனைத்திருந்தது. வால்விலா, பையிலா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்டறிவதும் தங்கள் வேலைதான் என்று பட்டறையினர் சொன்னார்கள். தொலைபேசியில் மிகுந்த அனுபவசாலிகளாகப் பேசினார்கள். நானும் மேற்கொண்டு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

கிளைடர் திரும்பி வந்த பின் முதல் நல்ல நாளன்று காலையில் இரு பைகளையும் நிரப்பி, புறப்பாட்டு வரிசையில் நிறுத்தியிருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து இறக்கை நுனியைப் பிடிக்க வந்த நண்பர், சமநிலையில் நிற்க வேண்டிய கிளைடர் வலப்பக்கம் சாய்கிறது என்று சொன்னார். இடப்பக்கத்தில் ஏறக்குறைய 15 லிட்டர் குறைந்திருந்தது. நீரின் ஈர்ப்பு மையம் உடற்பகுதியிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், இது வலது இறக்கை நுனியில் 6 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். பறக்கும் வேகத்தில் ஏலிரான் (பக்கச் சாய்வைக் கட்டுப்படுத்தும் இறக்கை மடல்) அதைச் சமாளித்துவிடும். ஆனால், புறப்பாட்டுக்காகக் கிளைடரைக் கயிற்றால் இழுக்கத் தொடங்கும் முதல் சில நொடிகளில் ஏலிரானுக்கு வலுவே இருக்காது. கனமான நுனி தரையைத் தொட்டுப் புல்லில் சிக்கினால் கிளைடர் அப்படியே சுழன்றுவிடும். நண்பர் கவனிக்காமல் இருந்திருந்தால், நான் கவனித்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீரை வெளியேற்றி, இறக்கையைக் கழற்றி, உடற்பகுதியோடு சேரும் அதன் அடிப்பகுதித் திறப்புக்குள் விளக்கடித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பையின் வெளி முனையில் கட்டிய இழுகயிறு, நுனிப் பக்கமுள்ள வளையத்தைச் சுற்றி மீண்டும் அடிப்பகுதிக்கு வந்து முடியப்பட்டிருக்கும். அந்த முடிச்சை அவிழ்க்காமல் பையை உருவ முடியாது. முடிச்சின் மீது நான் முந்தைய ஆண்டு நீல நாடாவைச் சுற்றித் தேதி எழுதி வைத்திருந்தேன். நாடா அப்படியே இருந்தது, எழுத்தும் அழியவில்லை. கிளைடரைத் திரும்பப் பெற்ற அன்றே இதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது என் தவறு.

பையை வெளியே எடுத்தேன். வால்வுக் கழுத்தைச் சுற்றி, கை எட்டும் தூரம் வரை, குளியலறையில் பூசும் வகைச் சிலிக்கான் பசை அப்பப்பட்டிருந்தது. அசல் கசிவோ அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி, முன்விளிம்பு மூட்டில் இருந்தது. இறக்கைக்குள் இறுகிப்போயிருந்த ஒரு பிசின் முனையில் உரசி உரசித் துணி தேய்ந்திருந்தது. அதையொட்டி மூட்டு 4 சென்டிமீட்டர் நீளத்துக்குப் புதிதாகப் பிரிந்திருந்தது.

இங்கே சிலிக்கானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பிவிசி துணியில் நிலையாக ஒட்டுவதில்லை. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் தோல்போல உரிந்து வரும். உரிந்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கிவிடுவதால், அதன் மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. எனவே, பழுதே இல்லாத என் வால்வுக் கழுத்தை வெட்டியெறிந்து புதிய துண்டு வைக்க வேண்டியதாயிற்று. பழுது பார்க்காமல் சும்மா வைத்திருந்து திருப்பித் தந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நட்டம் நேர்ந்திருக்காது.

பட்டறைக்குப் படங்களுடன் எழுதினேன். நான் குழாய் நீரை நேரடியாக இணைத்து அழுத்தத்தில் நிரப்பியதால்தான் பை கிழிந்தது என்று முதலில் பதில் வந்தது. நான் நிரப்புவது புனல் வைத்து, கேனிலிருந்து என்று விளக்கியதும், கம்ப்ரசர் காற்றைச் செலுத்திச் சோதித்தபோது பை நன்றாகத்தான் இருந்தது என்று எழுதினார்கள். என்னைத் திடுக்கிட வைத்தது இந்த இரண்டாவது பதில்தான். இறக்கைக்குள் நிற்கும் நீரின் ஆழம் ஓரிரு சாண்தான். அது தரும் அழுத்தம் ஒரு பாரில் (ஏறக்குறைய வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான அலகு) நூற்றில் சில பங்குதான். காற்றழுத்தம் வெறும் 0.1 பார் ஆனாலும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1 டன் விசை விழும். பை இறக்கைக்குள் இருக்கும்போது அந்த விசை முழுவதையும் தாங்குவது ஃபைபர்கிளாஸ் தோலும் அதன் ஒட்டு மூட்டுகளும்தான். ஆய்வாளர் ஒருவர் நாணயத்தால் இறக்கை முழுவதையும் தட்டி ஒலியைக் கேட்டுச் சோதித்து, தோல் எங்கும் பிரியவில்லை என்று சொல்லும்வரை எனக்கு உறக்கமில்லை.

சரியான பழுது வேலை பிறகு அந்த ஆய்வாளரின் மேற்பார்வையில் நடந்தது. முதலில் துணி பிவிசியா, பாலியூரித்தேனா என்று உறுதி செய்தார்கள். ஒன்றுக்குரிய பசை மற்றொன்றுக்கு ஆகாது. பையை மேசையில் விரித்து, கரைப்பானால் துடைத்து, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டைக் கிழிசலுக்கு எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும்படி வைத்து, கடினமாக்கி கலந்த இருபாகப் பசையை இரு முறை மெல்லியதாகப் பூசி அழுத்தினார்கள். கரைப்பான் சில இறக்கைகளின் நுரை உள்ளீட்டையே கரைத்துவிடக்கூடியது என்பதால், இந்த வேலையை இறக்கைக்குள் கைவிட்டுச் செய்ய நினைப்பதே ஆபத்து. பசை முழுமையாக இறுகிய பின், பையைத் தரையில் பரப்பி, வண்ணம் கலந்த நீரை நிரப்பி, ஓர் இரவு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தோம். உரசிய பிசின் முனையைத் தேய்த்து மழுக்கிய பிறகுதான், முறுக்கு விழாமல், டால்க் தூள் தடவிப் பையை உள்ளே இழுத்தோம். இரு பக்கமும் ஒரே நேரத்தில் காலியாகின்றனவா என்று கடிகாரம் வைத்துப் பார்த்ததும் அன்றுதான்.

ஆகவே, பையைக் கழற்றிய நிலையில் படம் தருவீர்களா, எந்தத் துணிக்கு எந்தப் பசை, நீர் நிரப்பிச் சோதிக்கும்போது நான் உடன் இருக்கலாமா என்று வேலையைக் கொடுக்கும் முன்பே கேளுங்கள். இவற்றுக்குத் தயங்குகிறவரிடம் இறக்கையைக் கொடுக்காதீர்கள். கயிற்று முடிச்சில் ஓர் அடையாளம் வைப்பதும் நல்லது. நான் அதை இந்த நோக்கத்தில் வைக்கவில்லை, தற்செயலாக உதவியது.

இறக்கையை உலர்த்தவே இரண்டு வாரம் பிடித்தது. உள்ளே தேங்கிய நீரால் ஏலிரான் தண்டின் பேரிங் ஒன்றில் துரு ஏறியிருந்ததைக் கண்ட ஆய்வாளர், அதை மாற்றச் சொல்லியிருக்கிறார். அந்தச் செலவையும் முன்பு செலுத்திய தொகையையும் கேட்டுப் பட்டறைக்கு அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.