பள்ளியில் இசைத் தயாரிப்பு மன்றம்: போனில் தொடங்கலாமா, கம்ப்யூட்டர் லேபிலா?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், பள்ளியில் நன்றாகப் பாடும் பிள்ளைகள் நாலு பேராவது இருப்பார்கள். அப்பாவோடு திருவிழாவுக்குப் போய்த் தவிலோ உறுமியோ வாசித்துப் பழகிய பையனும் இருப்பான். ஆண்டு விழாவிலும் கலைத் திருவிழாவிலும் மேடையேறி இறங்குவதோடு அவர்கள் இசை நின்றுவிடுகிறது. அதைப் பதிவு செய்து, தாளம் சேர்த்து, எல்லா ஒலிகளையும் அளவாகக் கலந்து (மிக்ஸ் செய்து) ஒரு முழுப் பாடலாக அவர்களே உருவாக்க ஒரு மன்றம் வேண்டும். தொடங்க நினைக்கும் ஆசிரியருக்கு வரும் முதல் குழப்பம், எதை வைத்துத் தொடங்குவது என்பதுதான்.

யூடியூப் பார்க்கும் மாணவர்கள் முதலில் சொல்லும் பெயர் எஃப்.எல். ஸ்டுடியோ. அருமையான மென்பொருள், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். சோதனைப் பதிப்பில் செய்த வேலையைச் சேமிக்கலாம், சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது. மணி அடித்ததும் பாதியில் எழுந்து போய் அடுத்த வாரம் தொடர வேண்டிய பிள்ளைகளுக்கு அது உதவாது. திருட்டுப் பதிப்பை ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பள்ளிக்குள் அதை விடவே கூடாது. கராஜ்பேண்ட் என்ற இன்னொரு இசை மென்பொருள் இலவசம்தான், ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். ஆக, நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு நிஜமான போட்டி இந்த இரண்டு வழிகளுக்கு நடுவில்தான்: போனில் பேண்ட்லேப் என்ற ஆப், அல்லது லேபில் ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். என்ற இரண்டு மென்பொருள்கள்.

பேண்ட்லேபின் பலம் அதன் வேகம். ஆண்ட்ராய்டு போனிலும் பிரவுசரிலும் இலவசமாக ஓடுகிறது. குரலைப் பதிவு செய்யலாம், ரெடிமேட் லூப்களை (திரும்பத் திரும்ப ஓடும் சின்ன இசைத் துண்டுகளை) அடுக்கலாம், ஒருத்தி தொடங்கியதை இன்னொருத்தி தன் வீட்டிலிருந்தே தொடரலாம். ஆசிரியர் வகுப்பு அமைத்து மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கல்விக்கான தனி வசதியும் உண்டு. முதல் நாளே ஏதோ ஒரு பாட்டு கைக்கு வந்துவிடும். அந்த உற்சாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் மாணவர்கள் போன் கொண்டுவரவே அனுமதி இல்லை. வீட்டில் செய்யச் சொன்னால், அண்ணன் போனை எடுத்துப் போகாத நேரம் பார்த்துத்தான் தங்கைக்குப் பாட்டு. இணையமும் வேண்டும். இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. போனில் தாளத்தைக் கேட்டுக்கொண்டே பாடும்போது லேசான தாமதம் விழும். புளூடூத் ஹெட்போன் போட்டால் அது அப்பட்டமாகத் தெரியும். தாளம் தப்பாத பிள்ளையும் தப்புகிற மாதிரி பதிவாகும், கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்ளும். வயர் வைத்த ஹெட்போன் கட்டாயம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்த லூப்கள்தான். எங்கேயோ யாரோ வாசித்ததை அடுக்கியே ஒரு வருஷம் போய்விட்டால், உறுமி வாசிக்கத் தெரிந்த பையனுக்கு அந்த மன்றத்தில் என்ன வேலை?

லேப் வழி மெதுவானது, ஆனால் அந்தப் பையனுக்கு இங்கே இடம் இருக்கிறது. ஆடாசிட்டி பதிவு செய்யவும் வெட்டி ஒட்டவும், எல்.எம்.எம்.எஸ். பீட் போடவும் மெட்டு எழுதவும். இரண்டும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள்கள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், ஒரு தடவை ஏற்றிவிட்டால் இணையம் தேவையில்லை. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் சட்டப்படியே போட்டுக்கொள்ளலாம். குறை என்னவென்றால், எல்.எம்.எம்.எஸ்.ஸின் 1.2 பதிப்பில் குரலை நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. ஆடாசிட்டியில் பதிந்து, வேவ் ஃபைலாக எடுத்து, இங்கே கொண்டுவர வேண்டும். சி.டி. தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும், சாதாரண பென் டிரைவே போதும்.

இந்தச் சுற்றுவழியைக் குறையாக மட்டும் பார்க்க எனக்கு மனசில்லை. பறையில் ஒரே ஓர் அடியைப் பதிந்து எல்.எம்.எம்.எஸ்.ஸில் பதிந்த ஒலியை இசைக்கருவியாக்கும் ஆடியோஃபைல்பிராசசரில் போட்டால், அதையே பல சுருதிகளில் வாசிக்கலாம். உள்ளூர் ஒலியே மன்றத்தின் சொந்த இசைக்கருவியாகிவிடும். சுருதி பற்றியும் இங்கே நன்றாகப் புரியவைக்கலாம். 1 கட்டை என்பது கீபோர்டில் சி, 5 கட்டை என்பது ஜி. பையனுக்காக 1 கட்டையில் போட்ட மெட்டை, 5 கட்டையில் பாடும் பெண்ணுக்காகப் பியானோ ரோலில் (சுரங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் திரையில்) மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏழு அரைச்சுரம் மேலே நகர்த்தினால் போதும். தாளத்தில் மட்டும் கவனம் தேவை. எல்.எம்.எம்.எஸ். திறக்கும்போதே நிமிடத்துக்கு 140 தட்டு வேகத்தில், நாலு நாலு தட்டாக எண்ணும் 4/4 தாளத்தில்தான் நிற்கும். கும்மி மாதிரி மும்மூன்றாகத் துள்ளும் பாட்டுக்கு முதலில் 6/8 என்று மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த நடையை விட்டுவிட்டுக் கட்டத்துக்குள் பாட்டைத் திணிப்பார்கள்.

மைக் வாங்கும் இடத்திலும் ஒரு போட்டி இருக்கிறது. யூ.எஸ்.பி. கண்டென்சர் மைக்கை நேராகச் செருகிவிடலாம், மெல்லிய குரலையும் நன்றாகப் பிடிக்கும். கூடவே ஃபேன் சத்தத்தையும், சிமெண்ட் சுவரின் எதிரொலியையும், வெளியே போகும் பஸ் ஹாரனையும் பிடிக்கும். டைனமிக் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால்தான் எடுக்கும், அதனால் சுற்றுச் சத்தம் குறையும். நம் வகுப்பறைகளுக்கு டைனமிக்தான் என் தேர்வு. அதிலும் யூ.எஸ்.பி. வகை கிடைத்தால் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியைத் தனியாக வாங்கும் செலவு மிச்சம். பறை, தவில் பதியும்போது அறைக்குள் வேண்டாம், மைதானத்தில் மரத்தடிக்குப் போங்கள். மைக்கைச் சில அடி தள்ளி வைத்து, ஆடாசிட்டியின் மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபெல் பக்கம் நிற்கிற மாதிரி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடைந்து பதிவான சத்தத்தை அப்புறம் சரியாக்குவது பெரும்பாடு.

ஆகவே லேபில் தொடங்குவதுதான் என் பரிந்துரை. அதிலும் முதல் பருவம் முழுக்க ஆடாசிட்டி மட்டும் போதும்: பாட்டியின் தாலாட்டு, சந்தைச் சத்தம், தவில், பறை. காது பழகிய பிறகு எல்.எம்.எம்.எஸ். திறக்கலாம். தவில், நாதஸ்வரம் பற்றிச் சந்தேகம் வந்தால் மதுரையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

லேப் பூட்டியே கிடக்கிறது, சாவி கிடைக்காது என்கிற பள்ளியில் காத்திருக்காதீர்கள். ஆசிரியரின் போன் ஒன்றிலேயே பேண்ட்லேப் போட்டு, ஒரு வயர் ஹெட்போனோடு இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். ஒரே நிபந்தனை, முதல் பாட்டில் ரெடிமேட் லூப் ஒன்றுகூட வேண்டாம்.