சிகாகோவின் கேவ்2: ஒரு குழுவாக டேட்டா பார்ப்பவர்களுக்கு

ஆய்வுக் குழு மொத்தமும் ஓரிடத்தில் கூடி, லேப்டாப்பை மூடாமல், நோட்டை எடுத்து வைக்காமல், ஒரே டேட்டாவைப் பார்த்துக்கொண்டே சண்டை போட வேண்டுமா? அதற்கு, சுற்றிலும் திரை சூழ்ந்து முப்பரிமாணத்தில் படம் காட்டும் கேவ்2 என்ற அறையை விட நல்ல கருவி எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ஈவிஎல் என்று எல்லோரும் சொல்லும் எலக்ட்ரானிக் விஷுவலைசேஷன் லேபரட்டரியில் 2012-இல் இதை அமைத்தார்கள். தலையில் மாட்டிக்கொண்டு முப்பரிமாணத்தில் பார்க்கும் விஆர் ஹெட்செட் ஒன்று வாங்கினால் முடிந்ததே, இவ்வளவு பெரிய அறை எதற்கு என்று கேட்கிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இந்த மதிப்புரை.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 46 அங்குல எல்சிடி பேனல்கள் மொத்தம் 72. நான்கு நான்காக மேலே மேலே அடுக்கி 18 வரிசை, அவற்றை 24 அடி விட்டத்தில் வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள், உயரம் 8 அடி. 320 டிகிரிக்குத் திரை, மிச்ச இடம் உள்ளே நுழைய. பின்னால் ஒன்றாக இணைத்த கம்ப்யூட்டர்களின் கிளஸ்டர், அமைத்தபோது 36 கணினிகள், ஒவ்வொன்றும் இரண்டு பேனலுக்கான படத்தை மட்டும் வரையும். நம் தலை எங்கே இருக்கிறது, காட்சியை இயக்கக் கையில் வைத்திருக்கும் வாண்ட் என்ற கருவி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மேலே உள்ள கேமராக்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். முப்பரிமாணத்தில் பார்க்கப் போடும் கண்ணாடி என்று பார்த்தால் தியேட்டரில் கொடுப்பார்களே, அதே மாதிரி லேசான போலரைஸ்டு கண்ணாடிதான், பேட்டரி கிடையாது.

இதற்கு முன்னோடியான முதல் கேவ் உருவானதும் இதே லேபில்தான். டேன் சாண்டின், டாம் டிஃபான்டி, கரோலினா குரூஸ்-நெய்ரா மூவரும் சேர்ந்து செய்ததை 1992-இல் சிகாகோவில் நடந்த சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் காட்டினார்கள். அது புரொஜெக்டர் வைத்து சுவரிலும் தரையிலும் படம் போடும் பத்தடி அறை. புரொஜெக்டர் என்றால் இருட்டு வேண்டும். கேவ்2-வின் எல்சிடிக்கு அந்தத் தொல்லை இல்லை, விளக்கைப் போட்டுக்கொண்டே வேலை செய்யலாம், எதிரில் நிற்பவரின் முகம் தெரியும், கையில் இருக்கும் பேப்பரைப் படிக்கலாம். சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் நாள் முழுக்க உள்ளே இருந்து வேலை பார்க்க முடிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளும் வசதி. ஒரு பாதியில் முப்பரிமாண மாடல் ஓடும், இன்னொரு பாதியில் வரைபடம், பிடிஎஃப், எக்செல், யாரோ ஒருவருடைய லேப்டாப் திரை. இந்த இரண்டாவது பாதிக்கு சேஜ்2 என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் ஈவிஎல் பங்கெடுத்து உருவாக்கியதுதான். பிரவுசரைத் திறந்து ஃபைலை இழுத்துப் போட்டால் சுவரில் வந்துவிடும், ஒரே நேரத்தில் பல பேர் போடலாம். அண்டார்டிகாவில் பனி மூடிய பானி ஏரிக்குள் 2008, 2009-இல் எண்டூரன்ஸ் என்ற தானியங்கி ரோபோ போய், ஒலி அலையை வைத்து அளக்கும் சோனார் அளவுகளும் நீரின் வேதியியல் அளவுகளும் எடுத்து வந்தது. அந்தத் திட்டத்தின் விஞ்ஞானிகள் இந்தச் சுவர் முன்னால் கூடித்தான் டேட்டாவை அலசினார்கள். ஏரியின் அடித்தளம் முப்பரிமாணத்தில் ஒரு பக்கம், எண்கள் இன்னொரு பக்கம், ஒருவர் ஒரு புள்ளியைக் காட்டி இது தப்பு என்று சொன்னால் அங்கேயே சரிபார்க்கலாம். ஹெட்செட் மாட்டிக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு நடக்குமா?

குறைகளும் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை. பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு உண்டு. மூலக்கூறு, ஏரி, நகரம் மாதிரிக் காட்சிகளில் கொஞ்ச நேரத்தில் கண் அதை விட்டுவிடும், ஆனால் சின்ன எழுத்து சரியாகக் கோட்டின் மேல் விழுந்தால் எரிச்சல்தான். தரையிலும் கூரையிலும் திரை இல்லை. கட்டட மாதிரிக்குள் நின்று கீழே குனிந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய கேவே மேல். தலையைப் பின்தொடர்வதும் ஒருவருக்கு மட்டும்தான், மற்றவர்களுக்குக் கோணம் கொஞ்சம் சாய்ந்து தெரியும், அதனால் அளந்து பார்க்கிற வேலை என்றால் கேமராக்கள் பின்தொடரும் அந்த ஒரு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது நல்லது. இந்த வகைக் கண்ணாடியில் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் படம் இரட்டையாகத் தெரிவது வழக்கம். பேனல்களை அதற்கென்றே தனியாக வடிவமைத்திருப்பதால் இங்கே நின்று பார்க்கும்போது அது பெரிய தொந்தரவு இல்லை.

தெளிவு எப்படி என்றால், முப்பரிமாணத்தில் சுமார் 37 மில்லியன் பிக்சல், சாதாரணப் படத்துக்கு அதில் இரு மடங்கு. வரைபடத்தின் எழுத்துக்களை நடுவில் நின்றே படிக்கலாம்.

புதிதாக நிரல் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லேப்டாப்பில் ஓடியது இங்கே அப்படியே ஓடும் என்று நம்பி வராதீர்கள். எல்லாக் கணினிகளும் ஒரே கணத்தில் ஒரே காட்சியைக் காட்ட வேண்டும், கொஞ்சம் தடுமாறினாலும் கண்ணுக்கு உடனே தெரியும். முப்பரிமாண விளையாட்டுகள் செய்யப் பயன்படும் யூனிட்டி மென்பொருள் தெரிந்தால் பாதி வேலை குறையும். தீபாவளிக்கு முதல் நாள் துணி தைக்கக் கொடுப்பது மாதிரி டெமோவுக்கு முதல் நாள் நிரலைக் கொண்டுவராமல், முன்னாலேயே நேரம் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

சிகாகோவோடு இது நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் 80 பேனலோடு, 330 டிகிரியில் இன்னொரு கேவ்2 அமைத்தார்கள்.